பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, ஷார்ஜா

கல்யாணம் முடிந்து ஐம்பத்து மூன்றாம் நாள், ஷார்ஜா வந்து பதினோராம் நாள், காலை எட்டு மணிக்கு, துடைப்பத்தை வைக்க இடம் தேடிய இசக்கியம்மாள் குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்தாள். முந்தின நாள்வரை அந்த இடத்தில் கதவே கிடையாது, வெறும் சுவர்தான். திறந்தால் உள்ளே சாலைக்குறிச்சி பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு ஆ பிரிவு இருந்தது, கால் ஆடுகிற மேசையோடும், காரை பெயர்ந்த தூணோடும், ஜன்னல் கம்பியில் தொங்கிய சோற்றுப் பைகளோடும். நாற்பத்தொரு பிள்ளைகளும் எழுந்து நின்று "வணக்கம் மிஸ்" என்று ராகம் போட்டு இழுத்தார்கள். இசக்கி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள், நைட்டிக்கு மேல் துப்பட்டாவைச் சரிசெய்தாள், "உட்காருங்க. எதுல விட்டோம்?" என்றாள்.

"இருபடிச் சமன்பாட்டுல மிஸ்," என்றாள் முதல் பெஞ்சு முப்பிடாதி. "நீங்க கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு வர்க்கமூலக் குறியப் போட்டுட்டு அப்படியே போயிட்டீக. போர்டக்கூட யாரும் அழிக்கல. நாங்களும் அம்பது நாளா அதையே பாத்துட்டு இருக்கோம்."

இசக்கி சாக்பீஸை எடுத்து வர்க்கமூலக் குறிக்குள் போகவேண்டியதைப் போட்டாள். பதினோரு நாளில் முதன்முறையாக, யாரும் "எப்போ வந்தே, எப்படி இருக்கு, விசேஷம் உண்டா" என்று கேட்காத ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைத்தது.

அறைக்கு இரண்டு வாசல். ஒன்று நயினார்முத்து வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் திறந்தது, மற்றது சாலைக்குறிச்சிப் பள்ளி வராந்தாவில் திறந்தது. ஆனால் அறையைக் கடந்து யாரும் எங்கும் போய்விட முடியவில்லை. வராந்தாப் பக்கத்து நிலைப்படியில் இசக்கி காலை வைத்தால் கால் அங்கேயே நின்றுவிடும், அதற்கு மேல் தூக்க வராது. பிள்ளைகள் இந்தப் பக்கத்து நிலையைத் தாண்டப் பார்த்தால் அவர்களுக்கும் அதே கதி. சாலைக்குறிச்சி இட்லி ஷார்ஜாவுக்கு வராது, ஷார்ஜா பேரீச்சம்பழம் சாலைக்குறிச்சிக்குப் போகாது. வெயிலும் காற்றும் மழைச் சாரலும் மட்டும் ஜன்னல் வழியாக வந்து போயின, அவற்றிடம் விசா கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இது எப்படி நடக்கும் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்து நாலு வருஷம் கணக்குப் பாடம் எடுத்த பெண் ஒருத்தி, பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஒரு விசா முத்திரையினால் மறுநாள் காலையிலிருந்து 'நயினார் வீட்டுக்காரி' ஆகிப்போவது மட்டும் எப்படி நடக்கும் என்று யாரும் கேட்டதில்லையே.

இசக்கிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பங்குனியில் வரும் அரசுப் பரீட்சையில் இந்த நாற்பத்தொரு பேரும் கணக்கில் தேற வேண்டும். சாலைக்குறிச்சியில் பையன் ஒருவன் பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறினால் மறுபடி எழுதுவான், இல்லை லாரி ஓட்டப் பழகுவான், இல்லை சும்மா திரிவான், சும்மா திரிவதற்கும் வீட்டில் சோறு உண்டு. பெண் தவறினால் வைகாசி முடிவதற்குள் வாசலில் நூல் மில் வேன் வந்து நிற்கும், அல்லது பெண் பார்க்க ஆள் வந்து நிற்கும். மற்ற பாடங்களை மனப்பாடம் செய்து தப்பிக்கலாம், கணக்கில் முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவர்களைத் தூக்கிக் கொண்டுவந்தவள் அவள்தான், பாதி வழியில் கல்யாணம் வந்து குறுக்கே விழுந்தது.

பள்ளிக்கூடம் இந்த அற்புதத்தை முதல் வாரத்திலேயே ஜீரணித்துக்கொண்டது. தலைமையாசிரியை ஞானபாய் டீச்சர் வராந்தாவில் நின்றபடி எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்து, "வந்துட்டியா பிள்ள, நல்லதாப் போச்சு" என்றார்.

"டீச்சர், நான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுத்தானே வந்தேன். ரிலீவிங் ஆர்டர் குடுங்க. அது இருந்தா இங்க ஒரு ஸ்கூல்ல எடுத்துக்குவாங்க. இந்தப் பிள்ளைகளுக்கும் வேற ஆள் போடுங்க."

"வேற ஆளா? ஆள் இருக்கும்போது வேற ஆள் எப்படிப் போட முடியும்? இந்தா நிக்கிறியே."

"அப்ப சம்பளம்?"

"நீதான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டியே பிள்ள."

இசக்கி கல்லூரியில் பேச்சுப்போட்டிக் கோப்பைகள் வாங்கியவள். இருக்கிறேன் என்றால் சம்பளம் வேண்டும், இல்லை என்றால் விடுவிக்க வேண்டும், இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்று கால் மணி நேரம் நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஞானபாய் டீச்சர் முழுவதையும் கேட்டார், "நல்லாப் பேசுத பிள்ள நீ, கடவுள் குடுத்த வரம்" என்று பாராட்டினார், மணியடிக்கப் போய்விட்டார்.

ஷார்ஜாக் கட்டடமும் ஜீரணித்துக்கொண்டது. நாலாம் மாடி ஜெஸிந்தா அக்கா முதலில் வந்தாள். நாகர்கோவில்காரி, பதினாலு வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருப்பவள், யார் வீட்டுக் கதவும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. வாசலில் நின்று பெஞ்சுகளையும் பிள்ளைகளையும் ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தையும் பார்த்துவிட்டு, "முறையா ரிலீவ் ஆகாம வந்திருப்ப மக்ளே, அதான் கூடவே வந்துட்டு. என் நாத்தனார் கூட இப்படித்தான், ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு வந்தா, ஆறு மாசம் வீடு முழுக்க டெட்டால் வாடை" என்றாள். அதோடு காரண ஆராய்ச்சி முடிந்தது. அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்கு வரலாம் என்றுதான் கேட்டார்கள்.

முதலில் பார்க்க வந்தார்கள், பிறகு உட்கார வந்தார்கள், பிறகு காயவைக்க வந்தார்கள். ஐப்பசி மழை வேப்பமரத்தில் விழுந்தபோது நாலு மாடிப் பெண்களும் கடைசி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து மண்வாசனையை மூச்சுமுட்ட இழுத்தார்கள், ஒருத்தி அழுதாள், மற்றவர்கள் அவளைப் பார்த்து அழுதார்கள், பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் இசக்கி அன்று ஒரு கணக்குக்கூட முடிக்க முடியவில்லை. கார்த்திகைக் கடைசியில் வெயில் வந்ததும் வடகம் வந்தது. சாலைக்குறிச்சி வெயிலுக்கு ஈடு ஷார்ஜா வெயிலில் கிடையாது என்று சொல்லிக்கொண்டு, வகுப்பின் பின்பாதியில் வெள்ளை வேட்டியை விரித்துக் கூழ் வடகம் ஊற்றினார்கள், மோர்மிளகாய் பரப்பினார்கள், மூட்டுவலிக்காரி ஒருத்தி முழங்காலை வெயிலில் நீட்டிக்கொண்டு தூங்கினாள். கடைசி இரண்டு பெஞ்சுப் பிள்ளைகள் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"அக்கா, இது வகுப்பு," என்றாள் இசக்கி.

"நாங்க என்ன வேண்டாம்னா சொன்னோம் மக்ளே? நீ பாட்டுக்கு எடு. எங்க காதுலயும் நாலு நல்ல வார்த்த விழட்டு."

"மிஸ்," என்று முப்பிடாதி எழுந்தாள், "காக்கா வந்தா வெரட்டணுமாம், என்னையப் பாத்துக்கச் சொல்லுதாக. நான் நிகழ்தகவப் பாக்கவா, காக்காவப் பாக்கவா?"

வகுப்பே சிரித்தது. இசக்கியும் சிரித்தாள், அந்த மாதம் அவள் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

நயினார்முத்துவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையைக் கேட்கிறவர்கள் இந்நேரம் அவன் குடிகாரனா, கைநீட்டுகிறவனா என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவன் நல்லவன். சரக்குக் கிட்டங்கியில் சூப்பர்வைசர், விடியற்காலையில் போய் விளக்கு வைத்தபின் வருவான், வரும்போது அவளுக்குப் பிடிக்குமே என்று கொய்யாப்பழம் வாங்கி வருவான். அவள் என்ன வாதம் பேசினாலும் "நீ சொல்றது நியாயந்தான் இசக்கி" என்பான். சொல்லிவிட்டு, அதற்கு நேர் எதிரானதைச் செய்வான். கல்யாணத்துக்கு முன்பு போனில் பேசிய மூன்று மாதமும் அந்த 'நியாயந்தான்' என்ற சொல்லுக்காகத்தான் அவள் அவனுக்குச் சரி சொன்னாள். எதிர்த்துப் பேசுகிறவனிடம் ஜெயிக்கலாம், ஒப்புக்கொள்கிறவனிடம் எப்படி ஜெயிப்பது என்று எந்தப் பேச்சுப்போட்டியும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

மார்கழியில் கட்டட ஏஜென்ட் வந்தான். அவன் எந்த ஊர்க்காரன் என்று யாருக்கும் தெரியாது, எல்லா மொழியிலும் வாடகையை மட்டும் பிழையில்லாமல் பேசுவான். கதவைத் திறந்தான், நாற்பத்தொரு பிள்ளைகளின் வணக்கத்தைத் தலையசைத்து வாங்கிக்கொண்டான், சுவரோடு சுவராக டேப் வைத்து அளந்தான், இது இனிமேல் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாப்பிடும்போது நயினார்முத்து தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நம்ம கிட்டங்கியில நைட் ஷிஃப்ட் பயலுவ ஏழு பேரு, தங்க எடமில்லாம அலையுதானுவ. எல்லாம் நம்ம பக்கத்துப் பயலுவதான். ப்ளைவுட் தடுப்பு வச்சுக் குடுத்தா வாடகைய அவனுவ பாத்துக்கிடுவானுவ."

"அது பத்தாம் வகுப்பு. பொம்பளப் பிள்ளைங்க படிக்கிற ரூம்."

"பிள்ளைக பகல்லதான படிக்குது?"

"நைட் ஷிஃப்ட் போறவங்க பகல்லதான தூங்குவாங்க?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், நெற்றி சுருங்கியது. "நீ சொல்றது நியாயந்தான்," என்றான்.

மறுநாள் மாலை ப்ளைவுட் வந்தது. பெஞ்சுகளை ஒரு ஓரமாக ஒதுக்கி ஏழு தடுப்பு வைத்தார்கள், ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு கட்டில், ஒரு திரை, போன் சார்ஜ் போட ஒரு பிளக். இரண்டாவது தடுப்பு கரும்பலகையின் நடுவில் வந்து முட்டியது, பாதிப் பலகைதான் பாடத்துக்கு மிஞ்சியது. விடிந்ததும் ஏழு பேர் வேலை முடிந்து செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வந்தார்கள், பிள்ளைகளைப் பார்த்துக் கூச்சப்பட்டு, தலையைக் குனிந்தபடி ஆளுக்கொரு திரைக்குள் போனார்கள். அவர்களும் பாவம்தான். பன்னிரண்டு மணி நேரம் மூட்டை தூக்கியவர்கள் தூங்க வேண்டும், பரீட்சை எழுதப் போகிறவர்கள் படிக்க வேண்டும், இரண்டு பாவங்களையும் ஒரே அறையில் போட்டு அடைத்துவிட்டு, இரண்டும் ஒன்றையொன்று அனுசரித்துப் போகட்டும் என்று வெளியே நின்று சொல்கிறவர்களைத்தான் கேட்க ஆளில்லை.

"மேடம், கொஞ்சம் மெதுவா," என்று திரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, கெஞ்சலாகத்தான் வந்தது.

அன்றிலிருந்து இசக்கி கிசுகிசுப்பாகப் பாடம் எடுத்தாள். முக்கோணவியலைக் கிசுகிசுத்தாள், வட்டத்தின் தொடுகோட்டைக் கிசுகிசுத்தாள், கூம்பின் கனஅளவை உதட்டசைவால் சொல்லி விரலால் எழுதிக் காட்டினாள். பிள்ளைகள் கிசுகிசுப்பாகச் சந்தேகம் கேட்டார்கள், தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் பலகையில் எழுதியதைச் சீட்டில் எழுதிக் கைமாற்றி வாங்கினார்கள், குறட்டை பலமாக எழும்பும்போது அந்தச் சத்தத்தின் மறைவில் ஒரு வரியைச் சேர்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டார்கள். அப்படியும் மார்கழித் தேர்வில் முப்பத்து நாலு பேர் தேறினார்கள். முப்பிடாதி எழுபத்திரண்டு வாங்கினாள். அவளுக்குக் கணக்கு வராது என்று ஆறாம் வகுப்பிலிருந்தே எல்லோரும் சொல்லியிருந்தார்கள், அவளும் நம்பியிருந்தாள். விடைத்தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது நான்தானா மிஸ்?" என்று கிசுகிசுத்தாள்.

தை பிறந்து நாலாம் நாள் முப்பிடாதியின் தாய் பிச்சம்மாள், மகள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பையைக் கொடுக்க வராந்தாவுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் மூன்றாவது திரை விலகியது. உள்ளே ஒருவன் கைலி முழங்காலுக்கு ஏற, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

பிச்சம்மாள் சோற்றுப் பையைக் கொடுக்காமலே திரும்பிப் போனாள். மதியத்துக்குள் சாலைக்குறிச்சி முழுவதும் வாசலில் நின்றது.

"வயசுப் பிள்ளைக படிக்கிற எடத்துல ஆம்பளைக படுத்துக் கெடக்கானுவ! ஒருத்தன் ரெண்டு பேரில்ல, ஏழு பேரு!"

"இந்த இசக்கி அங்க என்ன நடத்துதா? ஸ்கூலா, லாட்ஜா?"

"கல்யாணம் பண்ணிப் போனவ புருசன் வீட்டுல இருக்க வேண்டியதான? இங்க என்ன ஜோலி?"

இசக்கி நிலைப்படிவரை வந்தாள். அதற்கு மேல் கால் வரவில்லை. "அம்மா, அவங்க தூங்குறாங்க, தப்பா ஒண்ணும் நடக்கல. நீங்க அவங்களை வெளியேத்தச் சொல்லிக் கேளுங்க, நானும் சேர்ந்து கேக்கிறேன். பிள்ளைகள நிறுத்தாதீங்க. இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. தப்பு ப்ளைவுட்டு வச்சவங்க மேல, வாடகை கேட்டவங்க மேல, ஆள் போடாத ஸ்கூல் மேல. அதுக்குத் தண்டனை பிள்ளைகளுக்கா? எந்த நியாயத்துல சேரும் இது?" வாரக்கணக்கில் கிசுகிசுத்த தொண்டை, எழும்பவில்லை. அவள் வாழ்க்கையில் பேசியதிலேயே சிறந்த பேச்சு அதுதான், முதல் வரிசையில் நின்ற மூன்று பேருக்கு மட்டும் அரைகுறையாகக் கேட்டது.

பள்ளியின் மானம் முக்கியம் என்று ஞானபாய் டீச்சர் முடிவெடுத்தார். ஆ பிரிவைச் சோதனைக்கூடத்துக்கு மாற்றினார்கள், விளையாட்டு டீச்சரைக் கணக்குப் பாடத்துக்கு மேற்பார்வை பார்க்கச் சொன்னார்கள், பழைய வகுப்பின் ஜன்னல்களில் வெளியே பலகை அடித்தார்கள், கதவில் பூட்டுப் போட்டார்கள். பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்றோர் அதோடு வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். ஷார்ஜாப் பக்கத்தில், வெயில் வரவில்லையே, மிச்ச வடகத்தை என்ன செய்வது என்று ஜெஸிந்தா அக்கா இரண்டு நாள் வருத்தப்பட்டாள். பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கிடைத்த இடத்தில் இன்னும் மூன்று கட்டில் போட்டார்கள்.

நயினார்முத்து கொய்யாப்பழத்தை நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி அவள் முன்னால் வைத்தான். "உனக்கும் அலைச்சல் மிச்சம் இசக்கி. எத்தன நாளைக்குத்தான் ரெண்டு பக்கமும் கெடந்து அல்லாடுவ?"

"நான் அலையவே இல்லையே. ஒரே ரூம்லதான இருந்தேன்."

"நியாயந்தான்," என்றான் அவன்.

மாசி கடைசியில் ஒரு நாள் காலை, பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. இசக்கி கட்டில்களுக்கு இடையே பக்கவாட்டில் நடந்து போய்க் கதவில் காதை வைத்தாள்.

"மிஸ். நான்தான், முப்பிடாதி."

"சொல்லு. எங்க நிக்கிது? புள்ளியியல் முடிச்சிட்டீங்களா?"

"வெளையாட்டு மிஸ் நோட்ட வாசிக்கச் சொல்லுவாக, வாசிப்போம், அவ்வளவுதான். மிஸ், நாளைக்கு வேன் வருது. திருப்பூர்ப் பக்கமாம். மூணு வருசம் ஹாஸ்டல்ல இருக்கணுமாம்."

"பரீட்சைக்கு இருபது நாள்தான இருக்கு?"

"எங்கம்மை சொல்லுதா, இப்பப் போனாத்தான் சீட்டு இருக்காம், பரீட்ச எழுதி என்னத்துக்கு, உனக்குத்தான் கணக்கு வராதேன்னு."

"உனக்கு வரும்டி!" என்று இசக்கி கத்தினாள். தொண்டை கிழிந்த மாதிரி வந்தது. பத்துக் கட்டிலிலும் ஆட்கள் புரண்டார்கள், ஒருவன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். "எழுபத்திரண்டு வாங்கினல்ல? உங்கம்மாவக் கூட்டிட்டு வா, நான் பேசுறேன். கதவு வழியாவே பேசுறேன். கூட்டிட்டு வா!"

"நீங்க பேசுனா நல்லாத்தான் இருக்கும் மிஸ்," என்றாள் முப்பிடாதி, பெரிய மனுஷி ஒருத்தி சின்னப் பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி. "மணியடிச்சிட்டாக. வாறேன்." செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்துகொண்டே போனது.

அதன் பிறகும் இசக்கி காலை எட்டு மணிக்கு அந்த அறைக்குள் போனாள். ஏன் போனாள் என்றால், சோதனைக்கூடம் அடுத்த சுவர்தான், சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், ஒருவேளை கேட்கலாம் என்று போனாள். பாதிப் பலகையில் எழுதினாள், எழுதியதைச் சொன்னாள், சொன்னதை மறுபடி சொன்னாள். சுவருக்குக் கேட்டதா தெரியாது.

பங்குனியில் கணக்குப் பரீட்சை நாள் வந்தது. அன்று நயினார்முத்து வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே, நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னான்: "பயலுவ எல்லாம் உன்னையத்தான் புகழுதானுவ. பகல்ல தூக்கமே வராதாம், இப்பல்லாம் நீ பாடம் சொல்ல ஆரம்பிச்சா அஞ்சு நிமிசத்துல அசந்துருதானுவளாம். வேற எங்கயும் இப்படி ஒரு எடம் கெடையாதுங்கானுவ. லீவு கீவு விட்டுறாத என்ன?"

அவள் எட்டு மணிக்குப் போனாள். பலகை அடித்த ஜன்னலும், சாக்பீஸ் தூளும், பத்து ஆண்களின் மூச்சும். எங்கோ ஒரு பரீட்சைக் கூடத்தில் வினாத்தாளைப் பிரித்திருப்பார்கள். அவள் முதல் பாடத்தின் முதல் கணக்கிலிருந்து தொடங்கினாள், சார்புகளும் தொடர்களும் இருபடிச் சமன்பாடும் முக்கோணமும் வட்டமுமாக ஒரு வருஷத்துப் பாடத்தையும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். நிகழ்தகவுக்கு வந்ததும், நாணயம் ஒன்றைச் சுண்டினால் தலை விழ எவ்வளவு வாய்ப்போ பூ விழவும் அவ்வளவே வாய்ப்பு என்ற வரியைப் பாதியில் விட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

ஐந்தாவது திரைக்குள் யாரோ புரண்டார்கள்.

"நிறுத்தாதீங்க மேடம்," என்றது தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். "இப்பத்தான் கண்ணச் சொக்குது."

இசக்கியம்மாள் சாக்பீஸை எடுத்து, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள், மெதுவாக, யாரும் விழித்துக்கொள்ளாதபடி.